13 மாதங்களில் எழுந்தது. 20 ஆண்டுகள் காத்திருந்தது

1931-ஆம் ஆண்டு மே 1-ஆம் தேதி, வாஷிங்டனில் இருந்தபடி அமெரிக்க அதிபர் ஹெர்பர்ட் ஹூவர் ஒரு பொத்தானை அழுத்தினார். நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூவில் புதிதாக எழுந்து நின்ற 102 தளக் கட்டடத்தில் விளக்குகள் எரிந்தன. உலகின் மிக உயரமான கட்டடம் என்ற பெயரோடு எம்பயர் ஸ்டேட் கட்டடம் திறக்கப்பட்டது. ஆனால், அந்த விளக்குகளின் கீழ் உட்கார்ந்து வேலை செய்ய ஆள்கள் இல்லை. முதல் ஆண்டில் வாடகைக்குப் போனது, இருந்த இடத்தில் 23 சதவீதம் மட்டுமே.

வானளாவிய கட்டடங்களைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக இரண்டு கேள்விகளைக் கேட்கிறோம். எவ்வளவு உயரம்? எத்தனை நாளில் கட்டினார்கள்? எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் பொருத்தவரை இரண்டுக்கும் வியப்பூட்டும் விடைகள் உண்டு. உயரம் 381 மீட்டர். பின்னாளில் வந்த அலைவாங்கிக் கம்பத்தையும் சேர்த்தால் 443 மீட்டர். கட்ட எடுத்துக்கொண்ட காலம் 410 நாள்கள், அதாவது 13 மாதங்களுக்குச் சற்று அதிகம். ஆனால், அரிதாகவே கேட்கப்படும் மூன்றாவது கேள்வி ஒன்றுண்டு. திறப்பு விழா முடிந்த மறுநாளிலிருந்து அப்படிப்பட்ட கட்டடம் எப்படிப் பிழைக்கிறது? அந்தக் கேள்விக்கான விடையில்தான் இன்றைய நகரங்கள் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது.

போட்டியில் பிறந்த உயரம்

1920-களின் இறுதியில் அமெரிக்கப் பங்குச் சந்தை கொழித்துக்கொண்டிருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் நிதிப் பொறுப்பில் இருந்த ஜான் ராஸ்காப், நியூயார்க் மாநிலத்தின் முன்னாள் ஆளுநர் அல் ஸ்மித்துடன் கைகோத்தார். 1928 அதிபர் தேர்தலில் ஹூவரிடம் தோற்ற அதே ஸ்மித்தான் இந்தக் கட்டட நிறுவனத்தின் தலைவர். அவர் 1929 ஆகஸ்ட் இறுதியில் திட்டத்தை அறிவித்தார். வால்டார்ஃப்-அஸ்டோரியா என்ற புகழ்பெற்ற விடுதியை இடித்துவிட்டு அந்த மனையில் அலுவலகக் கட்டடம் எழுப்புவது என்பது திட்டம். இரண்டு மாதங்களுக்குள் பங்குச் சந்தை சரிந்தது. ஆனாலும் அவர்கள் பின்வாங்கவில்லை.

அவர்களின் கண் முன்னால் ஒரு போட்டியாளர் இருந்தார். சில தெருக்களுக்கு அப்பால் வாகன உற்பத்தியாளர் வால்டர் கிரைஸ்லரின் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. அதன் உச்சிக் கூர்முனையை உள்ளேயே ரகசியமாகப் பொருத்திவைத்து, திடீரென மேலே ஏற்றி 319 மீட்டரை எட்டினார்கள். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 86-ஆவது தளத்தின் கூரை அதைவிட ஓரிரு மீட்டர் மட்டுமே உயரம். கிரைஸ்லர் தரப்பு மீண்டும் ஏதேனும் செய்துவிட்டால்? எனவே கூரைக்கு மேல் சுமார் 61 மீட்டர் உயரத்துக்கு ஒரு கோபுர முனை சேர்க்கப்பட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணம், ஆகாயக் கப்பல்களை அங்கே கட்டி நிறுத்தலாம் என்பது!

அலுவலக வாடகைக்காக எந்த உயரம் வரை கட்டுவது லாபம் என்பதை அப்போதே கணக்கிட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1930-இல் கிளார்க், கிங்ஸ்டன் என்ற இருவர் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையப் பகுதியில் உள்ள ஒரு மனையை எடுத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் போட்டார்கள். விடை 63 தளங்கள். அதற்கு மேல் போனால் முதலீட்டின் மீதான வருவாய் விகிதம் குறையத் தொடங்கும். காரணம் எளிமையானது. தளங்கள் கூடக் கூட மின்தூக்கிகள் கூட வேண்டும். அவற்றுக்கான பாதைகள் கீழ்த்தளங்கள் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டுதான் மேலே போக வேண்டும். மேலே ஒரு தளம் கூடினால், கீழே வாடகைக்கு விடக்கூடிய இடம் குறையும். இந்தக் கணக்கின்படி பார்த்தால் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேல்தளங்கள் வணிகத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல, பெருமைக்காகக் கட்டப்பட்டவை.

வேகத்தின் ரகசியம்

கட்டிய விதத்தைக் குறைசொல்ல இடமில்லை. கட்டடக் கலைஞர் வில்லியம் லேம்ப் வகுத்த வடிவம் சிக்கனமும் தெளிவும் கொண்டது. மின்தூக்கிகளும் குழாய்களும் நடுவே, அலுவலகங்கள் சுற்றிலும். ஜன்னலிலிருந்து நடைபாதை வரை எந்த அலுவலக அறையின் ஆழமும் 28 அடியைத் தாண்டக் கூடாது என்பது அவர் வைத்த அளவுகோல். குளிர்சாதனமும் வலுவான மின்விளக்கும் பரவாத காலத்தில் சூரிய ஒளியும் காற்றும் எட்டும் தொலைவு அதுதான்.

1916-இல் நியூயார்க் கொண்டுவந்த மண்டல ஒழுங்குமுறையும் வடிவத்தைத் தீர்மானித்தது. தெருவில் வெளிச்சம் விழ வேண்டும் என்பதற்காக, மேலே போகப்போகக் கட்டடம் உள்வாங்கிக்கொள்ள வேண்டும். மனையின் கால்வாசிப் பரப்புக்குள் சுருங்கிவிட்டால் அதன் பிறகு எவ்வளவு உயரம் வேண்டுமானாலும் போகலாம். படிப்படியாக ஒடுங்கும் அந்தப் புகழ்பெற்ற உருவம் கலைஞரின் கற்பனையில் மட்டும் பிறந்ததன்று. சட்டமும் சேர்ந்து வரைந்தது.

சுண்ணாம்புக் கல் பலகை, அலுமினியத் தகடு, உலோகச் சட்டம், ஜன்னல் ஆகியவை ஒரே அளவில் திரும்பத் திரும்ப வருமாறு திட்டமிடப்பட்டதால், அவற்றை ஆலையிலேயே செய்து கொண்டுவந்து அப்படியே பொருத்த முடிந்தது. நெரிசல் மிகுந்த நகரின் நடுவே பொருள்களைக் குவித்து வைக்க இடம் கிடையாது. ஆகவே, எந்த உத்தரம் எந்த நேரத்தில் எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்பது முன்கூட்டியே அட்டவணையிடப்பட்டது. ஒவ்வொரு தளத்திலும் சிறு தண்டவாளம் போட்டுத் தள்ளுவண்டிகளில் பொருள்களை நகர்த்தினார்கள். தொழிலாளர்கள் சாப்பிடுவதற்குக் கீழே இறங்கி நேரத்தை இழக்காதிருக்க, மேல்தளங்களிலேயே தற்காலிக உணவகங்கள் நடத்தப்பட்டன. வாரத்துக்குச் சராசரியாக நாலரைத் தளங்கள் எழுந்தன. 57,000 டன் எஃகு பயன்பட்டது. உச்சகட்டத்தில் ஒரே நாளில் 3,400-க்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். புலம்பெயர்ந்து வந்த ஐரோப்பியரும், எஃகு வேலையில் பெயர்பெற்ற மோஹாக் பழங்குடியினரும் அவர்களில் இருந்தார்கள். அதிகாரபூர்வக் கணக்கின்படி ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

மனையையும் சேர்த்து ஆன செலவு ஏறத்தாழ 4.1 கோடி டாலர். திட்டமிட்டதைவிட இது குறைவு. ஆனால், செலவைக் குறைத்தது எது? பொருளாதாரப் பெருமந்தம். கூலியும் பொருள்களின் விலையும் வீழ்ந்ததால்தான் கட்டடம் மலிவாக முடிந்தது. அதே பெருமந்தம்தான் அடுத்த கட்டத்தில் கட்டடத்தின் கழுத்தை நெரித்தது.

காலிக் கோபுரம்

'எம்பயர் ஸ்டேட்' என்பது நியூயார்க் மாநிலத்தின் செல்லப்பெயர்; பேரரசு மாநிலம் என்று பொருள். நகரவாசிகள் அதைக் கொஞ்சம் திரித்து, 'எம்ப்டி ஸ்டேட் கட்டடம்', அதாவது காலி மாநிலக் கட்டடம் என்று கேலி செய்தார்கள். நிறுவனங்கள் திவாலாகிக்கொண்டிருந்த காலத்தில் புதிய அலுவலகம் தேடுபவர் யார்? இடமும் சாதகமாக இல்லை. அலுவலகங்கள் திரண்டிருந்த கிராண்ட் சென்ட்ரல் வட்டாரத்துக்கும் வால் ஸ்ட்ரீட் பகுதிக்கும் இடையே, வணிகக் கடைத்தெருவில் அது தனித்து நின்றது.

அந்த இருண்ட ஆண்டுகளில் கட்டடத்தைத் தாங்கிப் பிடித்தது வாடகை மட்டுமன்று. 86-ஆவது தளத்திலும் 102-ஆவது தளத்திலும் இருந்த பார்வையாளர் மாடங்களும் சேர்ந்துதான் அதைத் தாங்கின. நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். வேலையின்மை தலைவிரித்தாடிய காலத்தில் அது சிறிய தொகையன்று. ஆனாலும் மக்கள் வந்தார்கள். முதல் ஆண்டில் பார்வையாளர் மாடங்கள் ஈட்டிய தொகை சுமார் 20 லட்சம் டாலர். அந்த ஆண்டில் அலுவலக வாடகையாகக் கிடைத்ததும் ஏறத்தாழ அவ்வளவே. 1933-இல் வெளிவந்த 'கிங்காங்' திரைப்படத்தில் ராட்சதக் குரங்கு ஏறி நின்றதும் இந்தக் கட்டடத்தின் உச்சியில்தான். எந்த விளம்பரமும் தந்திருக்க முடியாத புகழை அது தந்தது.

இங்கேதான் ஒரு விநோதம் இருக்கிறது. வணிகக் கணக்கின்படி மிகையானவை என்று கருதத்தக்க மேல்தளங்களே கட்டடத்துக்குச் சோறு போட்டன. அலுவலகமாகப் பார்த்தால் லாபமற்ற உயரம், காட்சியாகப் பார்த்தால் லாபம் தந்தது. யாரும் அதைத் திட்டமிட்டுச் செய்யவில்லை. பெருமைக்காகச் செய்த செலவு, தற்செயலாக ஒரு பயனைக் கண்டடைந்தது.

கோபுர முனையின் கதையும் அப்படியே. அந்த உயரத்தில் சுழன்றடிக்கும் காற்றில் ஆகாயக் கப்பலை நிறுத்திப் பயணிகளை இறக்குவது நடக்காத காரியம் என்று விரைவிலேயே தெரிந்துவிட்டது. ஆனால், 1931 டிசம்பரிலேயே அங்கிருந்து தொலைக்காட்சி ஒளிபரப்புச் சோதனைகள் தொடங்கின. 1950-களின் தொடக்கத்தில் நகரின் தொலைக்காட்சி நிலையங்கள் பலவும் ஒரே கம்பத்தைப் பகிர்ந்துகொள்ள ஆரம்பித்தன. 1970-களில் உலக வர்த்தக மையத்துக்கு இடம்பெயர்ந்த ஒளிபரப்புச் சாதனங்கள், 2001 செப்டம்பரில் அந்தக் கோபுரங்கள் வீழ்ந்த பிறகு, மீண்டும் இங்கேயே வந்து சேர்ந்தன. கப்பல் வராத துறைமுகம், அலைவரிசைகளின் துறைமுகமானது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அலுவலக இடத்துக்கான தேவை பெருகியது. 1940-களின் நடுப்பகுதியில்தான் கட்டடம் ஏறக்குறைய நிரம்பியது. 1945 ஜூலை 28-ஆம் தேதி, மூடுபனியில் வழி தவறிய பி-25 ரகப் போர் விமானம் ஒன்று 79-ஆவது தளத்தையொட்டி மோதியது. 14 பேர் இறந்தார்கள். எஃகுச் சட்டகம் அசையவில்லை. சனிக்கிழமை நடந்த விபத்துக்குப் பிறகு, திங்கள்கிழமையே கட்டடத்தின் பெரும்பகுதி இயங்கத் தொடங்கியது. ஆனாலும், வரவும் செலவும் சமமாகி லாபக் கணக்கு தொடங்கியது 1950-களில்தான். 13 மாதங்களில் எழுந்த கட்டடம் பொருளாதார ரீதியில் தன் காலில் நிற்க ஏறத்தாழ 20 ஆண்டுகள் காத்திருந்தது. அதைக் கனவு கண்ட ராஸ்காப் 1950-இல் இறந்தார். அடுத்த ஆண்டே, ஆன செலவைவிடக் குறைவாக, 3.4 கோடி டாலருக்கு அது கைமாறியது.

உரிமை ஒருவருக்கு, நிர்வாகம் வேறொருவருக்கு

அடுத்த அரை நூற்றாண்டில் கட்டடத்தின் உடைமை பல துண்டுகளானது. மனை ப்ருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்திடம் போனது. 1961-இல் லாரன்ஸ் வீன், பீட்டர் மால்கின், ஹாரி ஹெல்ம்ஸ்லி ஆகியோர் அடங்கிய குழு 6.5 கோடி டாலர் மதிப்புள்ள ஓர் ஏற்பாட்டைச் செய்தது. அதன்படி கட்டடத்தின் உரிமையும் ப்ருடென்ஷியலுக்கே போனது. அதை நடத்தி வருவாய் பெறும் உரிமை, நூறாண்டுகளுக்கும் மேற்பட்ட குத்தகையாக அந்தக் குழுவிடம் வந்தது. தேவையான பணத்தில் 3.3 கோடி டாலரை, தலா 10,000 டாலர் கொண்ட 3,300 பங்குகளாகப் பிரித்துத் தனிநபர்களிடம் திரட்டினார்கள்.

இதன் விளைவு என்ன? உலகின் மிகப் புகழ்பெற்ற கட்டடத்துக்கு 'உரிமையாளர்' என்று சொல்லிக்கொள்பவருக்கு ஆண்டுக்கு 20 லட்சம் டாலருக்கும் குறைவான நிலையான குத்தகைத் தொகைதான் கிடைத்தது. 1991-இல் ஜப்பானியத் தொழிலதிபர் ஹிதேகி யோகோய் தரப்பு அந்த உரிமையை வாங்கியது. 1994-இல் அந்த உரிமையில் பங்குதாரராகச் சேர்ந்த டொனால்ட் டிரம்ப், கட்டடம் சரியாகப் பராமரிக்கப்படவில்லை என்று கூறி, குத்தகையை முறிக்க வழக்குத் தொடுத்தார். அந்த முயற்சி வெற்றி பெறவில்லை. 2002-இல் மால்கின் தரப்பு அந்த உரிமையை 5.75 கோடி டாலருக்கு வாங்கியது. உரிமையும் நிர்வாகமும் மீண்டும் ஒரே இடத்தில் சேர்ந்தன. 2013-இல் கட்டடம் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனத்தின் சொத்தானது.

இந்தச் சிக்கலான வரலாற்றை நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. கட்டடத்தின் சொத்துரிமை ஒருவரிடமும் வருமானம் இன்னொருவரிடமும் இருக்கும்போது, பெரிய பழுதுபார்ப்புக்குப் பணம் போட யாருக்கும் ஊக்கம் இருக்காது. செலவு என்னுடையது, பயன் அடுத்தவருடையது என்றால் எவர் செலவிடுவார்? வானளாவிய கட்டடம் முதுமையடைவது கல்லாலும் எஃகாலும் மட்டுமன்று; ஒப்பந்தங்களாலும்தான். உரிமை ஒன்றுபட்ட பிறகே பெரும் சீரமைப்பு சாத்தியமானது.

6,514 ஜன்னல்கள்

2009-இல், 50 கோடி டாலருக்கும் மேற்பட்ட புதுப்பித்தல் பணியின் ஒரு பகுதியாக, கட்டடத்தின் எரிசக்திச் செலவைக் குறைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. 28 லட்சம் சதுர அடி கொண்ட பழைய கட்டடத்தில் என்ன செய்ய முடியும்? நிபுணர்கள் அறுபதுக்கும் மேற்பட்ட யோசனைகளை ஆராய்ந்து, அவற்றிலிருந்து எட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றில் மிகவும் எளிமையானதும் மிகவும் சுவையானதும் ஜன்னல்களைப் பற்றியது.

கட்டடத்தில் 6,514 ஜன்னல்கள். எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்துவதுதான் வழக்கமான வழி. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. ஐந்தாவது தளத்தில் ஒரு பட்டறையை அமைத்தார்கள். ஜன்னல்களைக் கழற்றி அங்கே கொண்டுவந்து, இரண்டு கண்ணாடிகளையும் பிரித்துச் சுத்தம் செய்து, நடுவே வெப்பத்தைத் தடுக்கும் மெல்லிய படலம் ஒன்றை நிறுத்தி, இடைவெளியில் வெப்பத்தை எளிதில் கடத்தாத வாயுவை நிரப்பி, மீண்டும் அதே இடத்தில் பொருத்தினார்கள். பழைய கண்ணாடியிலும் சட்டத்திலும் 96 சதவீதம் மறுபடி பயன்பட்டது. கட்டடத்தை விட்டு வெளியே எதுவும் அநாவசியமாகப் போகவில்லை. ஜன்னலுக்குக் கீழே இருந்த ஆயிரக்கணக்கான வெப்பமூட்டிகளின் பின்புறம் வெப்பத்தை அறைக்குள் திருப்பும் தகடுகள் வைக்கப்பட்டன. குளிர்காலத்தில் வெளிச்சுவரைச் சூடேற்றி வீணான வெப்பம் உள்ளே தங்கியது.

இதன் உண்மையான பயன் ஜன்னலோடு நிற்கவில்லை. கோடையில் உள்ளே புகும் வெப்பம் குறைந்ததால், குளிரூட்டும் பெரிய இயந்திரங்களின் சுமை குறைந்தது. மாற்றிவிட்டுப் பெரிதாக்க வேண்டும் என்று நினைத்திருந்த அந்த இயந்திரங்களைப் பழுதுபார்த்தாலே போதும் என்றானது. அதில் மட்டும் ஒரு கோடி டாலருக்கும் மேல் மிச்சம். ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியே பார்க்காமல் முழுக் கட்டடத்தையும் ஓர் உடலாகப் பார்த்ததால் கிடைத்த ஆதாயம் இது. எரிசக்திப் பயன்பாட்டில் 38 சதவீதம் குறைப்பு, ஆண்டுக்கு 44 லட்சம் டாலர் சேமிப்பு என்பது திட்டத்தின் இலக்கு. கூடுதலாகச் செலவான தொகையைச் சுமார் மூன்று ஆண்டுகளில் திரும்பப் பெற்றுவிடலாம் என்று கணக்கிடப்பட்டது.

லேம்ப் வகுத்த 28 அடி அளவுகோலும் சேர்ந்து உதவியது. சூரிய ஒளி எட்டும் அறைகளில் விளக்கின் தேவை குறைவு. முகப்பு முழுவதும் கண்ணாடியாக இல்லாமல், கல் சுவருக்கு நடுவே அளவான ஜன்னல்கள் இருந்ததால் அவற்றைச் சீர்ப்படுத்துவதும் கைக்கெட்டும் வேலையாக இருந்தது. மின்சாரம் மலிவான காலத்தில் முழுக்கண்ணாடிப் பெட்டிகளாகக் கட்டப்பட்ட பிற்காலக் கோபுரங்கள் பலவற்றுக்கு இந்த வசதி இல்லை.

எதிர்த்திசையில் ஓர் உதாரணம்

அதே நகரில், கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு அருகே, பார்க் அவென்யூவில் 52 தளங்கள் கொண்ட யூனியன் கார்பைடு கட்டடம் 1960-களின் தொடக்கத்தில் எழுந்தது. பின்னர் ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் தலைமையகமான அது, பெரும் செலவில் சீரமைக்கப்பட்டு, 2012-இல் பசுமைக் கட்டடங்களுக்கான மிக உயரிய தரச்சான்றைப் பெற்றது. ஆனால், அதே பத்தாண்டின் இறுதியில் அதை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். உரிமையாளரே விரும்பி இடித்த கட்டடங்களில் உலகிலேயே அதுதான் அன்றைக்கு மிக உயரமானது. அதே மனையில் அதைவிட இரு மடங்கு உயரத்தை நெருங்கும் புதிய தலைமையகம் எழுந்து, 2025-இல் திறக்கப்பட்டது.

புதிய கட்டடத்தில் மேலும் பலர் வேலை செய்ய முடியும். நவீன வசதிகள் உண்டு. அன்றாட எரிசக்திச் செலவும் குறைவாக இருக்கலாம். வங்கியின் தரப்பில் அதற்கான நியாயம் இருக்கிறது. ஆனால், கணக்கில் ஒரு வரி விடுபடக் கூடாது. பல்லாயிரம் டன் எஃகையும் கான்கிரீட்டையும் உருவாக்க எரித்த எரிபொருளின் புகை, கட்டடம் திறப்பதற்கு முன்பே வானில் கலந்துவிடுகிறது. இடிக்கும்போது, ஏற்கெனவே செலுத்திய அந்த விலை வீணாகிறது. எழுப்பும்போது மீண்டும் ஒரு முறை அதே விலையைத் தருகிறோம். நியூயார்க்கின் பசுங்குடில் வாயு உமிழ்வில் மூன்றில் இரண்டு பங்கு கட்டடங்களிலிருந்து வருகிறது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு உமிழ்வு உச்சவரம்பு விதிக்கும் சட்டத்தை 2019-இல் அந்த நகரம் இயற்றி, 2024 முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. அந்தச் சட்டம் அளப்பது கட்டடம் இயங்கும்போது ஆகும் உமிழ்வைத்தான். இடித்துக் கட்டுவதன் விலை அந்த அளவுகோலுக்கு வெளியே நிற்கிறது.

காட்சி எல்லோரையும் காப்பாற்றாது

எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் பார்வையாளர் மாடங்கள் இன்றும் அதன் பொருளாதாரத்தின் முக்கியத் தூண். கரோனா பெருந்தொற்றுக்கு முந்தைய 2019-இல் சுமார் 35 லட்சம் பேர் மேலேறினார்கள். 12 கோடி டாலருக்கும் மேல் வருவாய் கிடைத்தது. ஆனால், அந்த வருவாயின் பலவீனமும் அடுத்த ஆண்டே தெரிந்தது. 2020 மார்ச்சில் மாடங்கள் மூடப்பட்டன. ஜூலையில் திறந்த பிறகும் சுற்றுலாப் பயணிகள் வரவில்லை. அலுவலகங்களை ஒப்பந்தம் கட்டிப்போட்டிருந்தது. பார்வையாளர்களை எதுவும் கட்டிப்போடவில்லை. 1931-இல் அலுவலகம் கைவிட்டபோது காட்சி காப்பாற்றியது. 2020-இல் காட்சி கைவிட்டபோது அலுவலக வாடகை தாங்கியது. இரண்டு கால்கள் இருந்ததால் கட்டடம் விழவில்லை.

இதைப் பார்த்து, உயரமாகக் கட்டி உச்சியில் ஒரு மாடம் வைத்தால் போதும் என்று முடிவுகட்டுவது தவறு. ராக்ஃபெல்லர் மையம், புதிய உலக வர்த்தக மையம், ஹட்சன் யார்ட்ஸ், ஒன் வாண்டர்பில்ட் என்று நியூயார்க்கிலேயே இப்போது கட்டணக் காட்சி மாடங்கள் பெருகிவிட்டன. ஒரே வானத்தை ஐந்து பேர் விற்கிறார்கள். கட்டணமோ ஒரு டாலரிலிருந்து 40 டாலரைத் தாண்டிவிட்டது. விலைவாசி உயர்வைக் கணக்கில் கொண்டாலும் இது இரண்டு மடங்குக்கும் மேல். அங்கிருந்து தெரியும் நகரம் அனைவருக்கும் பொதுவானது. அதைப் பார்க்கும் உயரம் மட்டும் தனியாருடையது. எல்லாக் கோபுரங்களையும் காட்சி காப்பாற்ற முடியாது.

உலகின் மிக உயரமான கட்டடம் என்ற பட்டத்தை எம்பயர் ஸ்டேட் கட்டடம் இழந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆயினும் அது காலியாகவில்லை, இடிபடவில்லை, வெறும் நினைவுச்சின்னமாகவும் மாறவில்லை. காரணம், அது உயரமாக இருந்தது மட்டுமன்று. மாற்றத்துக்கு இடம் கொடுக்கும் எளிய உள்ளமைப்பு, ஒன்றை நம்பி நிற்காத வருவாய், பழுதுபார்க்கக்கூடிய சுவர், பழுதுபார்க்கும் பொறுப்பும் பயனும் ஒருவரிடமே இருக்கும் உடைமை ஆகிய நான்கும் சேர்ந்தே அதைக் காத்தன. இவற்றில் முதல் மூன்றில் தற்செயலும் உண்டு. நான்காவது பெரும் போராட்டத்துக்குப் பிறகு வந்தது.

இன்று உலகெங்கும் நகரங்கள் உயரத்தில் போட்டியிடுகின்றன. திட்ட வரைபடம் வெளியாகும் நாளில் தளங்களின் எண்ணிக்கையைக் கேட்டு வியக்கிறோம். அதே நாளில் வேறு சில கேள்விகளையும் கேட்டாக வேண்டும். வந்து குடியேறுவோர் யார்? அவர்கள் வராவிட்டால் அந்தத் தளங்கள் வேறு எதற்குப் பயன்படும்? 50 ஆண்டுகள் கழித்து இதன் ஜன்னல்களைக் கழற்றிப் பழுதுபார்க்க முடியுமா? அந்தச் செலவு யாருடைய பொறுப்பு? இந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாத கோபுரம் எத்தனை மாதங்களில் எழுந்தால்தான் என்ன?